பால் ஊறுவது வேறு... பால் இறங்குவது வேறு!

எங்கள் ஊர் மங்களூர். உடனே கடலும் மீன் குழம்பும் ஞாபகம் வந்தால், அது கர்நாடகத்து மங்களூர். நான் சொல்வது கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பீங்கான் சாமானுக்குப் பெயர்போன விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மங்களூர். மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி போடுவார்கள். மழை ஏமாற்றிவிட்டால், கொட்டகையில் கட்டியிருக்கிற ஒன்றிரண்டு கறவைதான் குடும்பத்துக்குச் சோறு போடும். அதனால் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசி முடித்த கையோடு, மாட்டின் உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசாமல் எழுந்து போக மாட்டார்கள்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் கையில் இருபது நாள் குழந்தை.

"டாக்டரய்யா, இவளுக்குப் பாலே பத்தல. புள்ள ராத்திரி பூரா நை நைன்னு கத்துது. எங்க பால்காரத் தம்பி மாட்டுக்கு ஒரு ஊசி போடுது. போட்ட மறு நிமிஷம் மடி எறங்கிடுது. அதுமாதிரி மனுஷிக்கு ஒண்ணும் கெடையாதுங்களா?"

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால், அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் தலை நிமிரவே இல்லை. குழந்தையின் துணியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. மாட்டுக்குப் போடுகிற ஊசியில் இருக்கும் ஹார்மோனும், பிள்ளை பெற்றவளின் மார்பில் பாலை இறக்குகிற ஹார்மோனும் ஒன்றேதான்! அதைப் பற்றி விஞ்ஞானிகள் நடத்திய சில சோதனைகளை நம் வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொண்டால், கொட்டகையிலும் நிம்மதி, பிரசவ அறையிலும் நிம்மதி. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மடி ஒரு பானை அல்ல

அந்த ஹார்மோனின் பெயர் ஆக்ஸிடோசின். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ரத்தத்தில் இறங்குகிறது. 1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பிட்யூட்டரியின் சாறு கருப்பையைச் சுருங்கவைக்கிறது என்று கண்டுபிடித்தார். 1910-ல் ஆட், ஸ்காட் என்று இருவர், அதே சாறு ஆட்டின் மடியிலிருந்து பாலை வெளியே தள்ளுவதைப் பார்த்தார்கள். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ இந்த ஹார்மோனைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு. இன்று குழந்தை பிறந்த உடனே தாய்க்கு உதிரப்போக்கு மிஞ்சாமல் உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் போடுகிற முக்கியமான ஊசி இதுதான். ஆகவே மருந்தின் மேல் குற்றமில்லை.

மாட்டு மடியை நாம் பால் நிறைந்த பானை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காம்பை இழுத்தால் கொட்ட வேண்டியதுதானே என்று எண்ணுகிறோம். உண்மையில் மடி நனைந்த பஞ்சு மாதிரி. கறக்க உட்காரும்போது பசுவின் மடியில் காம்புக்கு மேலே தயாராகத் தேங்கி நிற்பது மொத்தப் பாலில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளுக்குள் இருக்கிறது. எருமைக்கு இன்னும் மோசம். நூற்றில் ஐந்து பங்கு அளவுக்குத்தான் தேங்கி நிற்கும். எருமைக்காரர்கள் படும் பாடு இதனால்தான்.

அந்த அறைகளைப் பிழிந்தால்தான் பால் கீழே வரும். பிழிகிற வேலையைச் செய்வது ஆக்ஸிடோசின். கன்று முட்டுகிறது, நக்குகிறது. அந்தத் தொடு உணர்ச்சி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சுமார் ஒரு நிமிஷத்தில் மடி புடைத்துப் பால் இறங்குகிறது. சில நிமிஷங்கள்தான் இதற்கு ஆயுசு. கைதேர்ந்த கறவைக்காரர் கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டியதும், பேச்சு வார்த்தை இல்லாமல் கிடுகிடுவென்று கறந்து முடிப்பதன் ரகசியம் இதுதான்.

ஆக, பால் ஊறுவது ஒரு காரியம். பால் இறங்குவது இன்னொரு காரியம். ஊறுவதற்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும். இறங்குவதற்கு மனசு வேண்டும்!

பூனையும் காகிதப் பையும்

மனசு என்று சொன்னால், "வைத்தியர் ஆரம்பித்துவிட்டார்" என்பீர்கள். சோதனையையே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு பால்வள விஞ்ஞானிகள். 1941-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றுவரை பேசப்படுகிறது. முதலில், பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகிற நரம்பைத் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். நரம்பு அறுந்த பக்கத்திலும் பால் இறங்கியது. அப்படியானால் உத்தரவு மடிக்கு நரம்பு வழியே வரவில்லை, ரத்தம் வழியே வருகிறது என்று தெரிந்தது.

அடுத்து செய்தார்கள் பாருங்கள் ஒரு வேலை! கறக்கப்போகிற நேரத்தில் பசுவின் முதுகில் ஒரு பூனையைத் தூக்கி வைத்தார்கள். போதாததற்குக் காகிதப் பையை ஊதிப் பட், பட்டென்று உடைத்தார்கள். பசு மிரண்டது. மடியில் பால் இருந்தும் இறங்கவில்லை. பயந்தால் உடம்பில் பாய்கிற அட்ரினலினை ஊசியாகப் போட்டும் பார்த்தார்கள். அப்போதும் பால் இறங்குவது தடைப்பட்டது.

பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தின் புரூக்மையர் குழுவினர் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். பழக்கமில்லாத புது இடத்தில் கட்டிக் கறந்தால், பசுவின் மூளை ஆக்ஸிடோசினை வெளியே விடுவதே இல்லை அல்லது மிகக் குறைவாகத்தான் விடுகிறது என்று ரத்தத்தில் அளந்து காட்டினார்கள்.

நம் நாட்டிலும் இந்த மாதிரி ஆராய்ச்சி நடக்கிறது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற மத்திய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த உமாபதியும் அவருடைய குழுவினரும் முதுமலை முகாம், மைசூரு தசரா போன்ற இடங்களின் வளர்ப்பு யானைகளை ஆராய்ந்தார்கள். யானைக்கு ஊசி குத்தாமல், அது போடுகிற லத்தியை எடுத்து, அதில் மன அழுத்த ஹார்மோனின் மிச்சத்தை அளந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. ஊர்வலத்திலும் விழாவிலும் கலந்துகொள்கிற யானைகளுக்கு அந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. மிருகத்தின் பயமும் மனக்கஷ்டமும் கவிஞர்கள் கற்பனை அல்ல. சோதனைக் குழாயில் அளக்கக்கூடிய சங்கதி.

எங்கள் அம்மாவுக்கு இந்த விஞ்ஞானிகள் பெயர் ஒன்றும் தெரியாது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒரு பசு இருந்தது. அம்மா ஊரில் இல்லாத நாளில் சித்தி கறக்கப் போனால், அது பாலை அடக்கிக்கொண்டு நிற்கும். சித்தி என்ன செய்வார் தெரியுமா? கொடியில் கிடக்கிற அம்மாவின் பழைய புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, அம்மா கூப்பிடுகிற மாதிரியே "வாடி என் தங்கம்" என்று நெற்றியைத் தடவிவிட்டு உட்காருவார். பசு பாதிப் பாலாவது விட்டுவிடும். புடவையின் வாசனை, பழகின குரல், பழகின நேரம். பெர்ன் பல்கலைக்கழகத்தின் முடிவு எங்கள் கொட்டகையில் புடவை கட்டி நின்றது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கன்று போன இடத்தில் ஊசி

அப்படியானால் ஊசி எங்கிருந்து வந்தது?

ஊசிக்கு முன்னால் அதைவிடக் கொடுமையான வழக்கம் ஒன்று வடக்கே இருந்தது. 'பூக்கா' என்பார்கள். மாட்டின் பிறப்புறுப்பில் குழாய் வைத்துக் காற்றை ஊதி, பாலை இறக்குவது. கேட்கவே கூசுகிறது. அப்படிச் செய்யும்போதும் மூளை ஆக்ஸிடோசினை விடுகிறது. கன்று ஈனுகிற நேரத்தில் உண்டாகிற அழுத்தத்தைப் போலவே இதுவும் மூளைக்குப் போய்ச் சேருகிறது. கல்கத்தாவில் நடந்த இந்தக் கொடுமைகளைக் கேள்விப்பட்டதும் காந்திஜி பாலை விட்டதற்கு ஒரு காரணம். 1918-19-ல் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "ஆட்டுப்பால் சாப்பிடலாமே" என்று கஸ்தூரிபா சொன்னதும், விரதத்தை அந்த அளவுக்கு அவர் தளர்த்திக்கொண்டதும் அவரே எழுதியிருக்கிற வரலாறு.

1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, பூக்காவை மட்டுமல்ல, பால் கறப்பதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் விதத்தில் எந்த ஊசியைப் போடுவதையும் குற்றம் என்கிறது. இரண்டு வருஷம் வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம், மாடும் அரசாங்கத்துக்குப் போய்விடும். சட்டம் ஏட்டில் இருக்கிறது. லேபிள் இல்லாத பாட்டிலும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது.

2018-ல் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. மாட்டுக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, தனியார் யாரும் ஆக்ஸிடோசின் தயாரிக்கக்கூடாது, ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம்தான் தயாரிக்கலாம் என்று உத்தரவு போட்டது. பிரசவத்தில் உயிர்காக்கும் மருந்து தட்டுப்பட்டால் தாய்மார்கள் கதி என்ன என்று வழக்குப் போனது. அந்த வருஷம் டிசம்பரிலேயே டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. என்னைக் கேட்டால் நீதிமன்றம் செய்தது சரி. திருடனைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காக ஊர் கிணற்றை மூட முடியுமா?

நான் எங்கள் பால்காரத் தம்பியையும் கேட்டேன். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. "கன்னு செத்துப்போச்சுங்கய்யா. மாடு பாலை விடமாட்டேங்குது. கடன் வாங்கி வாங்கின மாடு. தவணை கட்டணும். நான் என்ன பண்றது?" என்றார். காளைக்கன்று என்றால் வயிறாரப் பால் விடுவதில்லை. அது சவலையாகிச் செத்துப்போகிறது. முன்னெல்லாம் தோலில் வைக்கோல் அடைத்துப் பொம்மைக் கன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது அந்த இடத்தில் ஊசி. பழக்கப்பட்டுவிட்டால் மாடு ஊசி இல்லாமல் பாலை முழுசாக இறக்காது. இதையும் புரூக்மையர் குழு 2003-ல் சோதனை செய்து எழுதியிருக்கிறது. தொடர்ந்து ஊசி போட்ட பசுக்கள், ஊசியை நிறுத்தியதும் முன்போலப் பாலை இறக்கவில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம். கறக்குமுன் வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிஷம் நன்றாகத் தடவிவிட வேண்டும். அந்த நேரத்தில் முன்னால் தவிடும் புண்ணாக்கும் இருக்கட்டும். அதட்டல், அடி கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் பல மாடுகள் பாத்திரச் சத்தம் கேட்டாலே பாலை விடப் பழகிவிடும். மேல்நாட்டில் கன்றே இல்லாமல் கறப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

மடியில் நோவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மடிநோய் வந்த மாடு வலிக்குப் பயந்து பாலை அடக்கும். தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் புண்ணியமூர்த்தி இதற்கு ஒரு மூலிகைப் பூச்சைப் பரப்பியிருக்கிறார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள் தடவ வேண்டும். பாலில் ரத்தம் வந்தாலோ, மாடு காய்ச்சலில் தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டும்.

பழி போட வேண்டிய இடம்

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அந்தப் பாலைக் குடித்துத்தான் பெண் குழந்தைகள் எட்டு வயசிலேயே வயசுக்கு வந்துவிடுகிறார்கள்" என்று மேடைகளில் பேசுகிறார்கள். எங்கள் மருத்துவத் துறையிலும் பேசுகிறார்கள். பல வருஷம் முன்பு நானும் பேசியவன்தான்!

பிறகு யோசித்தேன். ஆக்ஸிடோசின் என்பது ஒன்பது அமினோ அமிலம் கோத்த ஒரு குட்டிப் புரதத் துண்டு. பருப்பையும் முட்டையையும் செரிக்கிற நம் வயிறு இதையும் செரித்துவிடுகிறது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் இதை விழுங்கக் கொடுப்பதில்லை, ஊசியாகப் போடுகிறார்கள். தவிரவும் இது பெண்ணைப் பூப்படையச் செய்கிற ஹார்மோனே அல்ல. அந்த வேலை வேறு ஹார்மோன்களுடையது. சிறுமிகள் சீக்கிரம் பூப்படைவதற்கு உடல் பருமன் ஒரு காரணம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஓடி விளையாடாமல் உட்கார்ந்து நொறுக்குத் தீனி தின்கிற பிள்ளையின் தட்டைப் பார்க்காமல், பால்காரர் மேல் பழியைப் போடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது, அவ்வளவுதான். எட்டு வயசுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால் பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் ஊசி போட்டால் பரவாயில்லையா? பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்! அந்த ஊசியால் கஷ்டப்படுவது பாலைக் குடிக்கிற நாம் இல்லை. தினமும் இரண்டு வேளை குத்துப்படுகிற அந்தப் பசுவும், தாய்ப்பால் கிடைக்காமல் செத்த அதன் கன்றும்தான். நமக்கு ஆபத்து இருந்தால்தான் நமக்குக் கோபம் வர வேண்டுமா?

இப்போது மருமகளிடம் வருவோம்

பசுவைப் பற்றி இவ்வளவு சொன்னது இதற்காகத்தான். 1948-ல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதி ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நைல்ஸ் அம்மையார் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர். சோதனைக்குத் தன்னையே உட்படுத்திக்கொண்டார். சில நாட்கள் நிம்மதியாக உட்கார்ந்து பால் கொடுத்தார். சில நாட்கள் பால் கொடுக்கிற நேரத்தில் அவர் காலை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள். கால் விரலைப் பிடித்து வலிக்க இழுத்தார்கள். வேகமாகக் கணக்குப் போடச் சொன்னார்கள்.

நிம்மதியாக இருந்த நாளில் குழந்தைக்குக் கிடைத்த பால் சராசரி 168 கிராம். தொந்தரவு செய்த நாளில் 99 கிராம். தொந்தரவும் செய்து, பாலை இறக்கும் ஹார்மோனையும் ஊசியாகப் போட்ட நாளில் 153 கிராம்!

புரிகிறதா? தொந்தரவு செய்த நாளில் மார்பில் பால் இல்லாமல் போகவில்லை. இருந்தது. இறங்கவில்லை. அன்று பசுவின் முதுகில் பூனை. இங்கே தாயின் காலடியில் ஐஸ் தண்ணீர்.

நம் வீடுகளில் ஐஸ் தண்ணீர் யாரும் வைப்பதில்லை. வேறு என்ன வைக்கிறோம்? பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிற ஒவ்வொருத்தரும் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி: "பால் இருக்கா?" அடுத்தது, "எம் மவளுக்கெல்லாம் பீச்சி ஊத்துற அளவுக்கு இருந்துச்சு." குழந்தை எதற்கு அழுதாலும், "பசிக்குது, பால் இல்ல, டப்பா பாலை வாங்கிட்டு வா." பெண் குழந்தையாகிவிட்டால் இன்னும் கொஞ்சம் காகிதப் பை வெடிக்கிறது. இப்படி இருபத்து நாலு மணி நேரமும் மிரட்டிவிட்டு, பிறகு வைத்தியரிடம் வந்து ஊசி கேட்டால் வைத்தியர் என்ன செய்வார்?

இதில் ஒரு விஷச் சுற்று இருக்கிறது. பால் முழுசாக இறங்கி மார்பு காலியானால்தான் அடுத்த வேளைக்குப் பால் நன்றாக ஊறும். பயத்தால் இறங்காமல் தேங்கி நின்றால், "தேவை இல்லை போலிருக்கிறது" என்று உடம்பு ஊறுவதையே குறைத்துக்கொள்ளும். முதலில் பொய்யாகச் சொன்ன "பால் பத்தல" பதினைந்து நாளில் நிஜமாகிவிடும்.

சித்த மருத்துவன் என்பதால் என்னிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது லேகியம். பூண்டு, முருங்கைக்கீரை, வெந்தயம், பால்சுறா, தண்ணீர்விட்டான் கிழங்கு எல்லாம் நம் வழக்கத்தில் உண்டு. நானும் கொடுக்கிறேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல தீனி வேண்டும். ஆனால் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்ததில் நான் கண்டது: கிண்ணம் நிறையப் பூண்டைக் கொடுத்துவிட்டுக் கூடவே வாய் நிறையக் குத்தலையும் கொடுத்தால், பூண்டு தோற்றுவிடும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிற வீடுகளும் உண்டு. அது எங்கள் வைத்தியம் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று எந்தப் பத்தியமும் கிடையாது.

அன்று அந்தக் குழந்தையை எடை போட்டேன். பிறந்தபோது 2 கிலோ 800. அன்று 3 கிலோ 50. நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறது என்று கேட்டேன். "ஏழு, எட்டு இருக்கும்" என்று மருமகள் முதல்முறையாக வாய் திறந்தாள். "அப்படின்னா பால் இருக்குதும்மா. எடை இன்னும் கொஞ்சம் ஏறணும், ஏத்திடலாம். நீ பயப்படாதே" என்றேன். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

மாமியாருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டில் கீழ்க்கண்டவைதான் இருந்தன. வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம்.

பால் கொடுக்கும் நேரத்தில் அறையில் தாயும் பிள்ளையும் மட்டும். வேண்டுமானால் அவள் விரும்புகிற ஒருவர். கொடுப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மார்பில் ஒத்தடம். பிள்ளையைத் துணி விலக்கி உடம்போடு உடம்பாகச் சிறிது நேரம் அணைத்துக்கொள்ளுதல். இரவும் பகலும் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுத்தல். முதுகையும் தோளையும் மாமியார் தன் கையால் தினமும் பத்து நிமிஷம் நீவி விடுதல். வருகிறவர்கள் யாரும் பாலைப் பற்றிப் பேசக்கூடாது. மீறிப் பேசினால் மாமியார் பதில் சொல்ல வேண்டும், மருமகள் அல்ல!

எப்போது டாக்டரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் ஆகியும் குழந்தை பிறந்த எடைக்குத் திரும்பவில்லை, முதல் வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு தடவைகூட மூத்திரம் போகவில்லை, எழுப்பினாலும் எழுந்து பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்கக்கூடாது. தாய்க்குக் காய்ச்சல், மார்பு சிவந்து கல் மாதிரி வலி என்றாலும் அப்படியே. தைராய்டு கோளாறு, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுதல் போன்ற காரணங்களால் நிஜமாகவே பால் ஊறாத தாய்மாரும் உண்டு. அவர்களுக்குப் பழிச்சொல் வேண்டாம், சிகிச்சை வேண்டும். தேவைப்பட்டால் டாக்டர் சொல்கிற மாற்றுப் பாலைக் கொடுப்பதில் வெட்கமும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தாய் சோகமாகவே இருந்தால், அதையும் ஒரு நோயாக மதித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஊசி?" என்று கிளம்பும்போது அந்த அம்மா மறுபடி கேட்டார்.

"ஊசியில இருக்கிற மருந்து உங்க மருமக மண்டைக்குள்ளயே இருக்குங்கம்மா. அது எறங்கறதும் எறங்காததும் உங்க வாயில இருக்கு" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். எடைக்கல்லில் 3 கிலோ 350. மருமகள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "அத்தைதாங்க ராத்திரியில முழிச்சிருந்து முதுகு நீவி விடுறாங்க" என்றாள். மாமியார் குறுக்கிட்டார்: "நான் என்னத்தப் பண்ணேன்? வாயை மூடிக்கிட்டேன், அவ்வளவுதான்!"

போகும்போது வாசலில் நின்று, பால்காரத் தம்பி வீட்டு மாட்டுக்கு எத்தனை நாளில் ஊசியை நிறுத்த முடியும் என்று கேட்டுவிட்டுப் போனார். மெதுவாகத்தான் நிறுத்த முடியும், தடவிக் கொடுத்துப் பழக்கச் சொல்லுங்கள் என்றேன்.

உங்கள் தெருவில் இப்போது ஏதோ ஒரு வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை இருக்கும். பார்க்கப் போனால், அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். "நல்லா தூங்கினியாம்மா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.